ஆனந்த குமாரசுவாமி திருத்திக் குடியிருந்த வீடு

2018 இல் எங்கள் காணி விடுவிக்கப்பட்டது. வலிகாமம் வடக்கில் உள்ள அந்த வளவை 1990 ஆனி மாதத்தில் விட்டு வெளியேறியிருந்தோம். 28 ஆண்டுகளுக்குப் பின் உள்ளே போனபோது, வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் பிடித்தது. பற்றைக்குள் கிணற்றுக் கட்டு முதலில் தெரிந்தது. அதிலிருந்து காலடி எண்ணித்தான் அம்மா வீட்டைக் கண்டுபிடித்தார்.

கூரை இல்லை. ஓடு, வளை, சிலாகை, கதவு, யன்னல் ஒன்றும் இல்லை. நாற்சார் வீட்டின் மூன்று பக்கச் சுவர்கள் இடுப்பளவுக்கு விழுந்து கிடந்தன. தலைவாசல் பக்கம் மட்டும் நின்றது. அப்பாவின் தகப்பனார் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சுவர் அது. அதன் தலையில் ஓர் ஆலங்கன்று வேர்விட்டு, வேர் சுவரைப் பிளந்துகொண்டு கீழே இறங்கியிருந்தது.

அன்றிரவே குடும்பத்துக்குள் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பி, எல்லாவற்றையும் இடித்து வழித்துவிட்டுப் புதிதாகத் தட்டுக்கூரை வீடு கட்டுவோம், காசு தான் அனுப்புவதாகச் சொன்னான். அக்காவுக்கும் அதுவே சரியாகப் பட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது என்ன செய்வதென்று தெரியாது. நான் பாடசாலையில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். கட்டடம் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு.

அந்த மாதங்களில்தான் நான் ஆனந்த குமாரசுவாமியைத் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினேன். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அவரது பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நடராசர் வடிவத்தின் பொருளை மேற்குலகுக்கு விளக்கியவர், கலை வரலாற்றறிஞர், இலங்கைத் தமிழர். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அவர் இடிந்துபோன ஒரு பழைய கட்டடத்தைத் திருத்தி வீடாக்கி அதில் குடியிருந்தவர் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லாவிட்டால் அந்தப் பக்கங்களை நான் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.

குமாரசுவாமி 1877 ஆவணி 22 ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. குடும்பத்தின் வேர் வடமராட்சியில் கெருடாவிலில் இருந்தது. பாட்டன் காலத்திலேயே கொழும்புக்குப் போய்ச் செல்வாக்குப் பெற்றுவிட்ட குடும்பம். முத்து குமாரசுவாமி இங்கிலாந்தில் பாரிஸ்டராகிய முதல் இந்து. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். 1874 இல் சேர் பட்டம் பெற்றவர். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவரது சகோதரியின் பிள்ளைகள். ஆனந்தருக்கு அவர்கள் மச்சான்மார்.

தாய் எலிசபெத் கிளே பீபி ஓர் ஆங்கிலேயப் பெண், கென்ற் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மகனுக்கு ஆனந்த என்ற பெயருடன் கென்ரிஷ் என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். தகப்பன் ஊர் ஒன்று, தாய் ஊர் ஒன்று என இரண்டும் ஒரே பெயருக்குள் இருந்தன.

1879 இல் தாய் குழந்தையை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். தந்தை பின்னால் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே, அவ்வாண்டு வைகாசியில், முத்து குமாரசுவாமி கொழும்பில் காலமானார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தாய் திரும்பி வரவில்லை. தகப்பனின் முகம் நினைவில் இல்லாத, தகப்பனின் வீட்டைக் கண்டறியாத பிள்ளையாக அவர் வளர்ந்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குளொஸ்ரர்ஷயரில் ஸ்ரோன்ஹவுஸ் என்ற ஊரிலுள்ள விக்கிளிவ் கல்லூரியில் படித்தார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியற்பாறையும் தாவரவியலும் படித்து, 1900 இல் முதல் வகுப்பில் தேறினார். 1902 இல் எதெல் மேரி பாட்றிட்ஜ் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். மறு ஆண்டு இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனியவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த பாரமான கருநிறக் கனியம் ஒன்றை ஆராய்ந்து விபரித்தார். தோரியனைற்று என்ற அந்தக் கனியம் இன்றும் அவர் பெயருடன் சேர்த்தே பேசப்படுகிறது.

கல்லைத் தேடி ஊர் ஊராகப் போன மனிதர் வழியில் மனிதர்களைக் கண்டார். மலைநாட்டுக் கிராமங்களில் தச்சர், கன்னார், பொற்கொல்லர், குயவர், பாய் பின்னுவோர், நெசவாளர் எனப் பரம்பரைத் தொழிலாளர் இன்னும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. கண்டி அரசு இருந்தவரை தொழில் செய்வோருக்குச் சேவைக்கு ஈடாக நிலம் இருந்தது. அரண்மனையும் கோயிலும் விகாரையும் வேலை கொடுத்தன. 1815 இல் அரசு வீழ்ந்த பின் அந்த ஏற்பாடு படிப்படியாகக் குலைந்தது. கப்பலில் வந்த மலிவான சாமான்கள் மிகுதியையும் முடித்தன.

குமாரசுவாமி இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவானபோது அதன் முன்னணியில் நின்றார். கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்கள் கவனிப்பாரற்று அழிவதும், திருத்துகிறோம் என்ற பெயரில் கெடுக்கப்படுவதும் அக்கடிதத்தின் கவலை. எதெல் புகைப்படக் கருவியுடன் கூடவே போனார். தொழிலாளரையும் அவர்கள் கையிலிருந்த ஆயுதங்களையும் செய்த பொருட்களையும் படம் பிடித்தார். பழைய சிங்களத் தையல் வேலைப்பாட்டைத் தனியே ஆராய்ந்தார்.

இந்த இடத்தில் இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். குமாரசுவாமி பிறந்த அதே 1877 இல், ஐந்து மாதங்கள் முந்தி, இலண்டனில் வில்லியம் மொறிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். மொறிஸ் கவிஞர், நெசவாளர், அச்சாளர், சோசலிசவாதி. விக்ரோறியா மகாராணி காலத்தில் இங்கிலாந்து முழுவதும் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கும் மோகம் பிடித்திருந்தது. கட்டடக் கலைஞர்கள் சுவர்ப் பூச்சைச் சுரண்டியெடுத்தார்கள். நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த பகுதிகளை இடித்தார்கள். ஆதியில் எப்படி இருந்திருக்கும் என்று தாங்கள் நினைத்தார்களோ அப்படியே புதிதாகக் கட்டிவிட்டு, அதைப் பழையது என்று காட்டினார்கள்.

மொறிஸ் இதை எதிர்த்தார். அவரது கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒழுகும் கூரையை உடனே அடை. சாயும் சுவருக்கு முண்டு கொடு. அன்றாடக் கவனிப்பால் கட்டடத்தைக் காப்பாற்று. புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தால் புதியது புதியதாகவே தெரியட்டும், பழையதைப் போலப் பாசாங்கு செய்ய வேண்டாம். சுரண்டலுக்கு எதிரான சங்கம் என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு.

மொறிஸ் 1896 இல் இறந்தார். குமாரசுவாமி அவருடைய எழுத்தின் வழியாக வளர்ந்தவர். மொறிஸின் வழி வந்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் றொபேட் அஷ்பீ என்ற கட்டடக் கலைஞர். 1888 இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில், வறிய தொழிலாளர் வாழ்ந்த இடத்தில், அவர் ஒரு கைவினைஞர் சங்கத்தைத் தொடங்கினார். 1902 இல் அந்தச் சங்கத்தை, தொழிலாளரும் அவர்களது குடும்பங்களுமாக, குளொஸ்ரர்ஷயரில் சிப்பிங் கம்டன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். எதெலின் சகோதரர் ஒருவர் அங்கே நகை செய்பவராக வேலை பார்த்தார். அந்தத் தொடர்பில்தான் குமாரசுவாமி தம்பதியருக்கு அந்த ஊர் நெருக்கமானது.

சிப்பிங் கம்டனுக்குப் பக்கத்தில் புறோட் கம்டன் என்று ஒரு குக்கிராமம். அங்கே 12 ஆம் நூற்றாண்டில், நோர்மன் காலத்தில் கட்டிய சிறிய தேவாலயம் ஒன்று இருந்தது. வழிபாடு எப்போதோ நின்றுபோய், ஆட்கள் குடியிருக்கும் கட்டடமாக மாறி, பிறகு அதுவும் இல்லாமல் சிதைந்துகொண்டிருந்தது. தேன்நிறச் சுண்ணக்கல்லால் ஆன சுவர்கள். நோர்மன் வேலைப்பாட்டுடன் பழைய வளைவுகள். இந்த இடிபாட்டைத்தான் குமாரசுவாமியும் எதெலும் தங்கள் வீடாகத் தெரிந்தெடுத்தார்கள். திருத்தும் பொறுப்பை அஷ்பீயிடம் கொடுத்தார்கள்.

வேலை 1905 இல் தொடங்கி 1907 வரை நடந்தது. அதில் பெரும் பகுதி நடந்தபோது வீட்டுக்காரர் இலங்கையில் இருந்தார்கள். கண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பழைய கட்டடங்கள் அழிவதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் அவர்களுடைய சொந்த இடிபாடு வீடாகிக்கொண்டிருந்தது. கடிதம் கப்பலில் போய்ப் பதில் வர வாரங்கள் ஆகும். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பார்த்து வீடு கட்டுவிப்பவர்கள் எத்தனை பேர். அவர்கள் அங்கிருந்து இங்கே கட்டுகிறார்கள். குமாரசுவாமி இங்கிருந்து அங்கே கட்டினார்.

அஷ்பீ அந்தக் கட்டடத்தை ஆதி தேவாலயமாக மாற்ற முயலவில்லை. நின்ற கல்லை நிற்கவிட்டார். நோர்மன் வளைவுகளைத் தொடாமல் காப்பாற்றினார். குடும்பம் வாழத் தேவையான அறைகளுக்காகப் புதிய பகுதி ஒன்றைப் பழையதுடன் சேர்த்துக் கட்டினார். உள்ளூர்க் கல்லும் உள்ளூர்க் கையும்தான். ஆனால் எது 12 ஆம் நூற்றாண்டு, எது 20 ஆம் நூற்றாண்டு என்று பார்ப்பவருக்குத் தெரியும். கட்டடத்தின் வயது அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது.

1907 இல் குமாரசுவாமியும் எதெலும் அங்கே குடிபுகுந்தார்கள். இலங்கையில் சேகரித்த கைவினைப் பொருட்கள் அந்தச் சுவர்களுக்குள் போயின. பழைய தேவாலயச் சுவருக்குள் கண்டி நாட்டுக் கைவேலை. பிறந்து இரண்டு வயதுக்குள் விட்டுப் பிரிந்த தகப்பன் நாட்டையும், தாயின் நாட்டையும், அவர் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பிறகு அவர் செய்த வேலை அதைவிடப் பெரியது. மொறிஸ் தமது கடைசிக் காலத்தில் கெல்ம்ஸ்கொட் என்ற பெயரில் ஒரு கையச்சுக்கூடம் நடத்தினார். சோசர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரின் நூல்களை 1896 இல் அங்கே அச்சிட்டார். மொறிஸ் இறந்த பின் அச்சு இயந்திரங்கள் அஷ்பீயிடம் வந்தன. அஷ்பீயால் நடத்த முடியாமற்போனபோது அதைக் குமாரசுவாமி பொறுப்பெடுத்தார். சோசர் நூலை அச்சிட்ட அதே கையச்சில், 1907 புரட்டாதியில் தொடங்கி 1908 மார்கழி வரை, 15 மாதங்களாக ஒரு நூல் அச்சானது. 425 பிரதிகள். இலங்கைக் கிராமங்களில் மூன்று ஆண்டுகள் அலைந்து திரட்டிய எல்லாவற்றையும் கொண்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெரிய நூல் அது. எதெல் எடுத்த புகைப்படங்கள் அதில் இருக்கின்றன.

இங்கே நம்மில் சிலருக்கு ஒரு நெருடல் வரும். எனக்கும் வந்தது. தமிழர் ஒருவர் தமது முதல் பெரிய நூலைச் சிங்களக் கலைக்கு எழுதினார். போருக்குப் பிறகு இதை வாசிக்கும் நமக்கு அது எளிதாகத் தொண்டைக்குள் இறங்குவதில்லை. நமது கோயில்களுக்கும் காணிகளுக்கும் தொல்பொருள் என்ற பெயரில் எல்லைக்கல் நடப்படும் காலத்தில், பழையதைக் காப்போம் என்ற சொல்லே நமக்குப் பயத்தைத் தருகிறது.

நான் அந்த நூலைப் பற்றி நெடுநாள் யோசித்தேன். குமாரசுவாமி ஓர் இனத்துக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. அக்கலையில் தென்னிந்தியாவின் பங்கை அவர் மறைக்கவும் இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தவர்கள், வேலை இழந்த தச்சரும் கன்னாரும். யாருடைய கை அழிகிறதோ அந்தக் கையைப் பதிவு செய்தார். பழையதைக் காப்பது அடுத்தவரை வெளியேற்றுவதற்கான சாட்டு என்று அவர் ஓரிடத்திலும் நினைத்ததாகத் தெரியவில்லை. இன்று அப்படி ஆக்குபவர்கள் அவரிடமிருந்து கற்றவர்கள் அல்லர்.

1912 இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகா இதழில் சிவனின் ஆட்டம் பற்றிய அவரது கட்டுரை வெளியானது. பிறகு 1918 இல் வந்த நூல் ஒன்றுக்கு அக்கட்டுரையின் பெயரே தலைப்பானது. உலகம் அவரை அறிந்தது அதனால்தான். சிதம்பரத்துக் கூத்தனை விளக்கிய கையும், மலைநாட்டுத் தச்சனின் உளியை விபரித்த கையும் ஒன்றே.

அந்த வீட்டின் கதை மகிழ்ச்சியாக முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அஷ்பீயின் கைவினைஞர் சங்கம் 1908 அளவில் கடனில் முறிந்தது. தொழிற்சாலைச் சாமானின் விலையோடு கைவேலை போட்டியிட முடியவில்லை. தொழிலாளர் சிதறினார்கள். சிலர் அந்த ஊரிலேயே காணியும் பட்டறையுமாகத் தங்கினார்கள். குமாரசுவாமி இந்தியாவுக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். எதெலுடனான மணவாழ்க்கை முறிந்தது. குடிபுகுந்து நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வீடு அவர்கள் கையை விட்டுப் போனது. 1911 இல் அங்கே குடிவந்தவர் வேறு யாருமல்லர், அஷ்பீதான். தான் இன்னொருவருக்காகத் திருத்திய வீட்டில், தன் சங்கம் உடைந்த பிறகு, தன் மனைவி பிள்ளைகளுடன் 1919 வரை வாழ்ந்தார்.

எதெல் பிறகு பிலிப் மெரே என்பவரை மணந்து எதெல் மெரே ஆனார். நெசவில் இறங்கினார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916 இல் ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தின் ஒரு தென் கிராமத்தில் தறிகள் போட்டு, பல பெண்களுக்கு நெசவு பழக்கி, அந்நாட்டுக் கைநெசவின் முன்னோடி என்று பெயரெடுத்தார். இலங்கைக் கிராமங்களில் அவர் பார்த்த தறிக்கும் தையலுக்கும் அதில் பங்குண்டு.

குமாரசுவாமி 1910 இலும் 1911 இலும் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியின் கலைப் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். வட இந்தியா முழுவதும் அலைந்து ராஜபுத்திர ஓவியங்களைச் சேகரித்தார். அதுவரை அவற்றை ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை. தமது சேகரிப்பை இந்தியாவுக்கே கொடுக்க விரும்பினார், ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால். அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1917 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். சேகரிப்பும் அங்கே போனது. அடுத்த 30 ஆண்டுகள் அந்த அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பொருட்களின் காப்பாளராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருந்தார். இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை 1927 இல் வெளியிட்டார். கடைசிக் காலத்தில் சமய தத்துவத்தில் ஆழ்ந்துபோனார்.

ஓய்வுபெற்று இந்தியாவுக்குத் திரும்பி, இமயமலைப் பக்கம் அமைதியாக வாழ வேண்டும் என்பது அவரது எண்ணம். 1947 ஆவணியில் இந்தியா விடுதலை பெற்றது. அதே மாதம் அவருக்கு 70 வயது நிறைந்தது. புரட்டாதி 9 ஆம் திகதி, பொஸ்ரனுக்கு அருகே நீடம் என்ற ஊரில், தமது வீட்டில் காலமானார். திரும்பிப் போகும் எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது. கொழும்பில் முன்பு கிறீன் பாத் என்று அழைத்த வீதிக்கு இன்று அவர் பெயர்.

இந்த வாழ்க்கையை வாசித்து முடித்தபோது என் மனதில் தங்கியது அந்த நான்கு ஆண்டுக் குடியிருப்பு. இவ்வளவு கவனமாகத் திருத்திய வீட்டில் அவர் நிலைக்கவில்லை. அப்படியென்றால் அந்த வேலை வீணா? அந்த வீடு இன்றும் புறோட் கம்டனில் நிற்கிறது. ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே அச்சான நூல் இன்றும் இலங்கையில் கலை படிப்பவர்களுக்கு ஆதாரம். வீட்டைத் திருத்துபவர் தனக்காக மட்டும் திருத்துவதில்லை. எனக்குப் பின் யார் என்ற கேள்விக்கு நமது குடும்பங்களில் பதிலில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். ஆனாலும் இடிந்ததை நிமிர்த்தி வைப்பவர், தனக்குத் தெரியாத ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

நான் தம்பியுடன் பேசினேன். தலைவாசலை மட்டும் இடிக்க வேண்டாம் என்றேன். வீடியோவில் அவனுக்குச் சுவரைக் காட்டினேன். அவன் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சுவர் தாங்குமா என்று மேசனைக் கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் மறுக்கவில்லை.

அயல் ஊரில் பழைய வேலை தெரிந்த மேசன் ஒருவரைக் கண்டுபிடித்தோம். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் சொன்ன முதல் விடயம் எனக்குப் புதிது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு மேல் சீமெந்து பூசக்கூடாது. கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சில மாரிக்குள் பூச்சு வெடித்துக் கழன்று, உப்புப் பூத்து, கல்லும் உதிரும். ஆகவே பூச்சும் சுண்ணாம்பாகவே இருக்க வேண்டும். ஆலம்வேரை ஒரேயடியாகப் பிடுங்கினால் சுவர் கூடவே வந்துவிடும் என்றார். மேலே வெட்டி, வேரைச் சாகவிட்டு, துண்டு துண்டாக எடுத்து, வெடிப்பைக் கல்லும் சாந்தும் வைத்து நிரப்பினார். அது மட்டும் இரண்டு மாதம் எடுத்தது. அஷ்பீ பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் செய்தது அதே வேலை.

பின்பக்கம் விழுந்த மூன்று பக்கங்களையும் நாங்கள் பழையபடி கட்டவில்லை. அதற்குக் காசும் இல்லை, ஆட்களும் இல்லை. இரண்டு அறையும் ஒரு குசினியும் சீமெந்துக் கல்லில் கட்டினோம். புதிது புதிதாகவே தெரிகிறது. தலைவாசல் பழையதாகவே நிற்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதைப் பூசி மறைக்க வேண்டாம் என்று நான் மேசனிடம் சொன்னேன்.

சில விடயங்களை நேர்மையாகச் சொல்ல வேண்டும். குமாரசுவாமி வசதியான குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் விட்டுச்சென்ற சொத்து அவரிடம் இருந்தது. ரசனைக்கேற்ப இடிபாட்டைத் தெரிந்தெடுத்தவர் அவர். நமக்கு இடிபாடு வந்து சேர்ந்தது. வன்னியில் பலருக்குத் திருத்துவதற்கு ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த காசில் கடனும் சேர்த்துக் கட்டி, இன்னும் கதவு போடாமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். காணியே இன்னும் விடுபடாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழையதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்கு ஒதுங்க ஒரு கூரைதான் முதல் தேவை.

ஆனால் ஒரு சுவராவது நிற்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். இயந்திரத்தைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு கிழமை பொறுங்கள். நாற்புறமும் நின்று படம் எடுங்கள். வீட்டில் மூத்தவர்களை அழைத்துவந்து எந்த அறை எங்கே இருந்தது, யார் எங்கே பிறந்தார்கள், எங்கே இறந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய வேலை தெரிந்த ஒருவரிடம் சுவரைக் காட்டுங்கள். தாங்காது என்றால் இடியுங்கள். இடித்தாலும் அந்தக் கல்லை வீதிக்குக் கொட்டாமல் அத்திவாரத்துக்கு வையுங்கள். உறுதிப் பத்திரம் தொலைந்தவர்களுக்கு, அயலவர் அறிந்த பழைய சுவரும் கிணறும் சில வேளை சாட்சியாகும். எல்லாவற்றையும் நாமே வழித்துத் துடைத்துவிட்டால், இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று கேட்பவருக்குக் காட்ட நம்மிடம் ஒன்றும் இராது.

வீடு குடிபுகுந்த அன்று அம்மாவைத் தலைவாசலுக்குள் அழைத்துப் போனோம். அவருக்கு 81 வயது. கண் சரியாகத் தெரியாது. சுவரைக் கையால் தடவிக்கொண்டு இடப்பக்கமாக நடந்தார். விளக்கு வைக்கும் மாடத்தைக் கை கண்டுபிடித்தது. பூச்சு வேலையின்போது மேசன் அதை மூடாமல் விட்டிருந்தார். அம்மா உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.